தானியங்கி அலைன்மென்ட் கருவிகள்: சிங்கப்பூரில் தொலைநோக்கி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினி பொருத்திய தொலைநோக்கியை ஆசையாக வாங்கிவிட்டு, அலைன்மென்ட் கைகூடாமல் அலமாரியில் ஏற்றிவைத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்காகவும், ‘கேமரா வைத்துத் தானாகவே அலைன்மென்ட் செய்துகொள்ளும் கருவி வாங்கலாமா’ என்று யோசிப்பவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள். பெரும்பாலும் செலஸ்ட்ரான் நிறுவனத்தின் ‘ஸ்டார்சென்ஸ் ஆட்டோஅலைன்’ கருவியை வைத்தே பேசுகிறேன். தனியாக வாங்கிப் பொருத்தக்கூடியவற்றில் இங்கே அதிகம் புழங்குவது அதுதான்.

இந்தக் கருவி உண்மையில் என்ன வேலை செய்கிறது?

கணினித் தொலைநோக்கிக்குள் ஆயிரக்கணக்கான வான்பொருள்களின் இருப்பிடம் பதிவாகியிருக்கிறது. சனி எங்கே, ஓரியன் நெபுலா எங்கே என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தன் குழல் இப்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பதைத்தான் அலைன்மென்ட் என்கிறோம்.

பழைய முறையில் அதை நாம் செய்ய வேண்டும். இரண்டு அல்லது மூன்று பிரகாசமான நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் கண்ணருகு வில்லையின் (ஐபீஸ்) நடுவில் நிறுத்தி, ‘இது சிரியஸ்’, ‘இது அகத்தியம்’ என்று கைக்கருவியில் (தொலைநோக்கியை இயக்கும் பொத்தான் கருவி) உறுதிசெய்ய வேண்டும். தானியங்கிக் கருவியில் ஒரு சிறிய கேமரா, ஃபைண்டர் (குறிபார்க்க உதவும் சிறு குழல்) இருக்கும் இடத்தில் ஏறிக்கொள்கிறது. மோட்டார் குழலைத் திருப்ப, கேமரா வானத்தின் சில இடங்களைப் படமெடுத்து, அவை எந்த இடங்கள் என்று தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. மொத்தம் மூன்று நிமிடம்போல் ஆகும். நட்சத்திரப் பெயர் ஒன்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மீட் நிறுவனம் 2009-ல் இடிஎக்ஸ்-எல்எஸ் தொலைநோக்கியிலும், செலஸ்ட்ரான் 2011-ல் ஸ்கைபிராடிஜியிலும் இத்தகைய கேமராவைத் தொலைநோக்கியோடு சேர்த்தே விற்றன. பிறகுதான், கையில் ஏற்கெனவே இருக்கும் தொலைநோக்கியில் மாட்டிக்கொள்ளும் தனிக்கருவியாக ஸ்டார்சென்ஸ் வந்தது.

ஒரு படத்தை வைத்து அது வானத்தின் எந்த இடம் என்று எப்படித் தெரிகிறது?

நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் விதத்தை வைத்துத்தான். மூன்று நான்கு நட்சத்திரங்களைச் சேர்த்தால் ஒரு வடிவம் கிடைக்கிறது. அந்த வடிவத்தின் பக்கங்களுக்கு இடையிலான விகிதம், படம் எப்படிச் சுழன்றிருந்தாலும் மாறாது. கருவியின் நினைவகத்தில் வானம் முழுவதற்கும் இத்தகைய வடிவங்களின் பட்டியல் இருக்கிறது. படத்திலிருந்து எடுத்த வடிவங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பல வடிவங்கள் ஒரே இடத்தைச் சுட்டினால் அதுதான் விடை.

ஆய்வாளர்களும் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2010-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ‘அஸ்ட்ரோமெட்ரி.நெட்’ திட்டம், நான்கு நான்காகச் சேர்த்த நட்சத்திரங்களின் வடிவங்களை வைத்து எந்த வானப் படத்தையும் அடையாளம் காட்டும் முறையை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஸ்டார்சென்ஸ் கேமராவின் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 7 பாகை (டிகிரி) அகலம், 5 பாகை உயரம். ஒப்பிடத் தேவையான நட்சத்திரங்கள் அந்தச் சட்டத்துக்குள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

சிங்கப்பூர் வானம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதே, கேமராவுக்கு நட்சத்திரம் தெரியுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. 2016-ல் வெளியான செயற்கை ஒளி பற்றிய உலக வரைபட ஆய்வில், உலகிலேயே ஒளிமாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூர்தான் குறிக்கப்பட்டது. கண் இருளுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவுக்கு நம் இரவு வெளிச்சமானது என்கிறது அந்த ஆய்வு. பல இரவுகளில் வீட்டு வட்டாரத்திலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான்.

ஆனால் கேமரா கண்ணைப்போல் கணத்துக்குக் கணம் பார்ப்பதில்லை. சில நொடிகள் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பின்னணி வெளிச்சம் படம் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதால் அதைக் கழித்துவிட்டு, மிஞ்சும் புள்ளிகளைப் பிடிக்கிறது. வெறும் சாம்பல் நிறமாக நமக்குத் தெரியும் இடத்திலும் அதற்கு வேண்டிய நட்சத்திரங்கள் கிடைத்துவிடும். அதனால்தான் இருண்ட ஊர்களில் இருப்பவர்களைவிட நமக்கு இந்தக் கருவி கூடுதலாகப் பயன்படுகிறது. நட்சத்திரம் நிறையத் தெரியும் இடத்தில் கையாலேயே அலைன்மென்ட் செய்துவிடலாம். ஒன்றிரண்டு மட்டுமே தெரியும்போது அது எந்த நட்சத்திரம் என்ற ஐயமே பாதி இரவைத் தின்றுவிடும்.

கேமராவுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, தெருவிளக்கோ விளையாட்டுத் திடலின் விளக்கோ நேராக லென்ஸுக்குள் விழுவது. மற்றது, மெல்லிய மேகப்படலம். மேகத்தில் நகர ஒளி பட்டுத் திரும்பும்போது படம் முழுக்க வெளுத்துவிடும். ‘போதிய நட்சத்திரங்கள் இல்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால் கருவியைச் சந்தேகிக்குமுன் நிமிர்ந்து வானத்தைப் பாருங்கள். லென்ஸ் மூடியையும் பாருங்கள்.

அப்படியானால் எல்லோரும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நிலவும் கோள்களும் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது அவசியமில்லை. கைக்கருவியிலேயே ‘சூரியக் குடும்ப அலைன்மென்ட்’ இருக்கிறது. நிலவையோ வியாழனையோ நடுவில் நிறுத்தி உறுதிசெய்தால், அந்தப் பகுதியை ஓரளவு சரியாகப் பின்தொடரும். வானத்தை நன்கு அறிந்தவர்களுக்கும் தேவை குறைவு. கார்த்திகையையும் ரோகிணியையும் ஒரு பார்வையில் இனங்காண்பவர் சில நிமிடங்களில் தாமே முடித்துவிடுவார்.

யாருக்குத் தேவை என்று கேட்டால் என் பதில் நேரத்தைப் பற்றியது. இந்த ஊரில் தெளிந்த வானம் முழு இரவாகக் கிடைப்பது அரிது. மேகங்களுக்கு இடையே ஒரு திறப்பு வரும், அரை மணியில் மூடிவிடும். அந்த அரை மணியில் இருபது நிமிடத்தை அலைன்மென்டுக்கே கொடுத்துவிட்டால் பார்க்க என்ன மிஞ்சும்? மேகம் விலகிய மூன்றாவது நிமிடத்தில் பிள்ளைகள் சனியின் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சில நூறு வெள்ளி ஆகும். அந்தப் பணத்தைப் பெரிய குழலுக்குப் போடுவதா, இதற்குப் போடுவதா என்று கேட்டால், வீவக (அரசின் அடுக்குமாடி வீடுகள்) வட்டாரத்தில் குடியிருப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். பயன்படுத்தப்படாத எட்டு அங்குலத் தொலைநோக்கியைவிட, வாரம் ஒருமுறை வெளியே வரும் ஐந்து அங்குலத் தொலைநோக்கி மேல்.

என் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து வானத்தின் ஒரு துண்டுதான் தெரிகிறது. வேலை செய்யுமா?

தானாகச் செய்யும் முறையில் கருவி தன் போக்கில் இடங்களைத் தேர்ந்தெடுக்கும். அவற்றில் ஒன்று எதிர்ப் புளோக்கின் சுவராக இருந்தால் அந்தப் படம் வீண். அதற்காகவே கைமுறைத் தேர்வும் இருக்கிறது: எந்த இடங்களைப் படமெடுப்பது என்பதை நீங்களே குழலைத் திருப்பிக் காட்டலாம். தெரியும் துண்டு வானத்துக்குள்ளேயே, முடிந்த அளவு ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இடங்களாகக் கொடுங்கள். எல்லாம் ஒரே மூலையில் இருந்தால், அந்த மூலையில் மட்டும் குறி சரியாக இருக்கும். குழல் தொலைவாகத் திரும்பும்போது விலகும்.

கூரை இல்லாத இடம் கிடைத்தால் அதுவே மேல். பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விளக்குக் கம்பங்களிலிருந்து ஒதுங்கிய புல்வெளி, மரினா அணைக்கட்டின் பசுங்கூரை ஆகிய இடங்களில் வானம் விரிந்து கிடக்கும். கார்நிறுத்துமிடத் தளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் காந்தத் திசைகாட்டியைக் குழப்பக்கூடும். திசைகாட்டியை நம்பும் கருவிகள் அங்கே தடுமாறலாம். கேமராவை நம்பும் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் தொலைநோக்கியில் ஜிபிஎஸ் இருக்கிறது. அதுவே அலைன்மென்ட் செய்துவிடாதா?

செய்யாது. ஜிபிஎஸ் சொல்வது இடமும் நேரமும் மட்டுமே. குழல் எங்கே பார்க்கிறது என்று அது சொல்வதில்லை. தனியாக விற்கும் ஜிபிஎஸ் இணைப்பை வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. சிங்கப்பூர் போன்ற சிறிய தீவில் இடத்தை ஒருமுறை பதிந்தால் போதும். ஜூரோங்கிலிருந்து சாங்கிக்குப் போனாலும் மாற்ற வேண்டியதில்லை.

தேதி, நேரம், இடம்: எப்படிப் பதிவது?

இடம்: வடக்கு 1 பாகை 20 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), கிழக்கு 103 பாகை 50 கலை. நேர மண்டலம்: +8. கோடைக்கால நேர மாற்றம் நமக்குக் கிடையாது. ‘நிலையான நேரம்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. தீர்க்கரேகையில் ‘கிழக்கு’ என்பதற்குப் பதில் ‘மேற்கு’ இருந்துவிடும். தேதியை அமெரிக்க முறையில் மாதம் முதலிலும் நாள் அடுத்தும் கேட்கும் கருவியில், நாம் நாளை முதலில் போட்டுவிடுவோம். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். பன்னிரண்டாம் தேதிக்குள் என்றால் கருவி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம். கேமரா நட்சத்திரங்களைச் சரியாகவே அடையாளம் காணும். ஆனால் நிலவும் கோள்களும் சொன்ன இடத்தில் இருக்காது. நிலவு மணிக்கு ஏறக்குறைய தன் விட்டத்தின் அளவு நகர்வதால், நேரத்தில் ஒரு மணிப் பிழையே அதைக் கண்ணருகு வில்லையின் ஓரத்துக்குத் தள்ளப் போதுமானது.

‘அலைன்மென்ட் வெற்றி’ என்று வருகிறது. ஆனால் கேட்ட பொருள் கண்ணருகு வில்லையில் இல்லை. ஏன்?

ஏறக்குறைய எப்போதும் காரணம் ஒன்றே: கேமராவும் குழலும் ஒரே புள்ளியைப் பார்க்கவில்லை. கேமராவைக் குழலில் பொருத்தும் சிறிய தாங்கியில் அரைப் பாகை சாய்வு இருந்தாலே போதும். கேமரா தன் நடுவில் சனியை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும்; அதிகப் பெரிதாக்கும் வில்லையில் சனி பார்வைக்கு வெளியே நிற்கும்.

இதைச் சரிசெய்ய ஒருமுறை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அலைன்மென்ட் முடிந்ததும் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் கேளுங்கள். வானத்தில் நடு உயரத்தில் இருப்பது நல்லது. சித்திரையோ சுவாதியோ கேட்டையோ, அந்த மாதத்தில் எது தெரிகிறதோ அது. முதலில் குறைந்த பெரிதாக்கமுள்ள வில்லையில் (25 மி.மீ. அல்லது 32 மி.மீ.) தேடிப் பிடியுங்கள். பிறகு அதிகம் பெரிதாக்கும் 10 மி.மீ. வில்லைக்கு மாற்றி மிகச் சரியாக நடுவில் கொண்டுவாருங்கள். நடுவில் நிறுத்தும் கடைசி அசைவு எப்போதும் மேல் அம்புக்குறியும் வலது அம்புக்குறியுமாக இருக்கட்டும். பற்சக்கரங்களின் இடைவெளி அப்போதுதான் ஒரே பக்கம் ஒடுங்கியிருக்கும். அதன்பின் பட்டியலில் அளவுதிருத்தம் என்பதைத் தேர்ந்து உறுதிசெய்யுங்கள். பிறகு அலைன்மென்டை மீண்டும் ஒருமுறை செய்துபாருங்கள்.

கேமராவைக் கழற்றாதவரை அந்தத் திருத்தம் நிலைத்திருக்கும். எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் தூக்கிச் செல்பவர்கள் கேமராவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அவர்கள் தாங்கியின் திருகை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கி, அன்றைய முதல் நட்சத்திரத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அதுவும் சரியாக இருந்து குறி தவறினால், மின்சாரத்தைப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் மோட்டார்கள் தாறுமாறாக நடக்கும். எட்டுச் சிறிய பேட்டரிகளை நம்பாதீர்கள். 12 வோல்ட் மின்கலப் பெட்டி ஒன்று வைத்திருப்பது மன அமைதி தரும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கேமராவுக்கு என்ன ஆகும்?

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் உடனே பனிக்கும். மூடிய பையோடு வெளியே வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள். பனித்த லென்ஸைத் துடைக்காதீர்கள். ஸ்டார்சென்ஸின் லென்ஸ் சிறியது. நள்ளிரவுக்குப்பின் அதுவும் ஈரம் பிடிக்கும். தொலைநோக்கிக்குச் சூடேற்றும் பட்டை வைத்திருந்தால் கேமராவுக்கும் ஒன்று சுற்றிவிடுங்கள்.

வீட்டில் வைக்கும்போது உலர் பெட்டி கட்டாயம். இங்கே லென்ஸில் பூஞ்சை பிடிப்பது வெகு இயல்பு. பிடித்துவிட்டால் லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிடும். தொலைநோக்கிக் குழலுக்கு இடமில்லாவிட்டாலும் கேமராவுக்கும் கண்ணருகு வில்லைகளுக்கும் உலர் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள்.

துருவ நட்சத்திரம் தெரியாத ஊரில் நிலநடு மவுண்ட் (அச்சை வான்துருவத்தை நோக்கிச் சாய்த்துவைக்கும் தாங்கி) வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 1 பாகைக்குச் சற்று மேலே. துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே நிற்கிறது. கட்டடமும் மூட்டமும் அதை மறைத்துவிடும். அதைக் குறிபார்க்க மவுண்டில் இருக்கும் துருவக் குழலால் பயனில்லை. ஆனால் ஸ்டார்சென்ஸோடு வரும் துருவ அலைன்மென்ட் வசதிக்கு அந்த நட்சத்திரம் தேவையே இல்லை. முதலில் கேமராவால் வானத்தை அறிந்துகொள்கிறது. பிறகு ஏதேனும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை, மவுண்டின் அச்சு சரியாக இருந்தால் எங்கே தெரிய வேண்டுமோ அந்த இடத்துக்குக் குறிவைக்கிறது. திருகுகளைத் திருப்பி நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை.

வாங்குமுன் மவுண்டின் அட்சரேகை வரம்பைப் பாருங்கள். செலஸ்ட்ரானின் ஏவிஎக்ஸ் 7 முதல் 77 பாகை வரை. சிஜிஎக்ஸ் 3 முதல் 65 வரை. இரண்டுமே நமக்குப் போதாது. முக்காலியின் வடக்குக் காலைச் சுருக்கி, மவுண்டை வடக்கே சற்றுச் சாய்த்தால் குறை தீரும். அந்த நிலையில் எடைக்கட்டை தாங்கும் கம்பி முக்காலிக் காலில் இடிக்க வாய்ப்பிருப்பதால், இருட்டுவதற்கு முன்பே மெதுவாகச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பும் சாதாரண மவுண்டே இந்த ஊருக்குப் போதும் என்பது என் எண்ணம்.

தலைக்கு நேர்மேலே வரும்போது சாதாரண மவுண்ட் ஏன் தவிக்கிறது?

உச்சிக்கு அருகில் செல்லும் பொருளைப் பின்தொடர, மவுண்ட் கிழக்கிலிருந்து மேற்குக்கு மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. அலைன்மென்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது மாறாது. நமக்கு ஓரியன் நெபுலா 83 பாகை உயரம்வரை ஏறும் என்பதால் இந்தச் சிக்கலில் நாம் அடிக்கடி மாட்டுவோம். உச்சியைத் தொடுவதற்கு ஒரு மணி முன்போ பின்போ பாருங்கள்.

எந்தத் தொலைநோக்கிக்குப் பொருந்தும்?

நெக்ஸ்ஸ்டார், சிபிசி உள்ளிட்ட செலஸ்ட்ரானின் பெரும்பாலான கணினி மவுண்டுகளுக்கு ஒரு வகை. ஸ்கை-வாட்சரின் ஸின்ஸ்கேன் மவுண்டுகளுக்கு வேறு வகை. மாற்றி வாங்கிவிட்டால் வேலை செய்யாது. கருவியோடு வரும் புதிய கைக்கருவியைப் பழையதற்குப் பதிலாகப் பொருத்த வேண்டும். பழையதை எறியாமல் வைத்திருங்கள்.

கைப்பேசியை வைத்தே செய்யலாம் என்கிறார்களே?

2020-ல் வந்த ‘ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர்’ அத்தகையது. கைப்பேசியின் கேமராவே வானத்தைப் படமெடுத்து, எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று திரையில் அம்புக்குறி காட்டும். மோட்டார் கிடையாது, நகர்த்துவது உங்கள் கை. பொருள் தானாகப் பார்வைக்குள் நிற்காது. விலை குறைவு, வயர் இல்லை, மாணவர்களுக்கு நல்ல தொடக்கம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இதை ஆட்டோஅலைனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படம் பிடிப்பவர்கள் மடிக்கணினியில் நினா, அஸ்டாப் போன்ற இலவச மென்பொருள்களாலோ ஏஎஸ்ஐஏர் என்ற சிறு கணினிப் பெட்டியாலோ இதே வேலையைச் செய்கிறார்கள். தொலைநோக்கி வழியாகவே படமெடுப்பதால் அளவுதிருத்தமே தேவையில்லை. 2023-ல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிகளில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் கண்ணருகு வில்லை இல்லை, திரையில்தான் பார்க்க வேண்டும். சொந்தக் கண்ணால் சனியின் வளையத்தைப் பார்ப்பதற்கு அது ஈடாகாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

பகலில் சூரியனைப் பார்க்க உதவுமா?

உதவாது, பகலில் அதற்கு நட்சத்திரம் தெரியாது. 2019 டிசம்பர் 26-ல் நம் தீவிலேயே வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது பலர் குழலின் முன்புறம் சூரிய வடிகட்டி போட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும்போது ஸ்டார்சென்ஸ் கேமராவையும் ஃபைண்டரையும் கழற்றி வையுங்கள், அல்லது இறுக மூடி வையுங்கள். வடிகட்டி குழலை மட்டுமே காக்கும்.

அலைன்மென்ட் முடிந்தது. முதலில் எதைக் கேட்பது?

நிலவோ கோளோ இருந்தால் அதுதான். இல்லையென்றால் நம் இருப்பிடம் தரும் பெரிய வரத்தைப் பயன்படுத்துங்கள்: வட வானமும் தென் வானமும் ஏறக்குறைய முழுவதுமாக நமக்குக் கிடைக்கின்றன. மே மாதத் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் ஈட்டா கரீனா நெபுலா தெற்கில் 29 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் நடுவில் அதே நேரத்தில் ஒமேகா சென்டாரி 41 பாகை. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் பார்க்கவே முடியாத விண்மீன் கொத்து அது. நம் வட்டாரப் பூங்காவிலிருந்து மங்கலான உருண்டையாகத் தெரியும். ஜனவரி கடைசியில் இரவு 10 மணிக்கு ஓரியன் நெபுலா உச்சியில் இருக்கும் என்பதால் 8.30-க்கே தொடங்கிவிடுங்கள். அந்த மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. மாலை மழைக்குப்பின் காற்று கழுவப்பட்ட இரவுகளில் கருவியைத் தயாராக வாசலில் வையுங்கள்.